சூடு தெரியாத இடம்

என் வாய் ஓட்டை வாய் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நானும் மறுத்ததில்லை. விடிந்ததிலிருந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கையும் காலும் ஓடும்போது வாய் மட்டும் எதற்குச் சும்மா கிடக்க வேண்டும்? அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, மூன்று மணி நேரம், வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூடியிருக்கவே கூடாத மூன்று மணி நேரம் அது.

என் தையல் கடைக்கும் பக்கத்து லாண்டரிக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் வாஷிங் மிஷின் சுழன்றால் இந்தப் பக்கம் என் மேஜையில் பட்டன் டப்பா நடுங்கும். லாண்டரிக்காரரும் அவர் மனைவியும் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். மனைவிக்குத் தெரு வைத்த பெயர் மடிப்பு. துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் மடிக்காமல் விடமாட்டாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அவள் மடியிலேயே வைத்துவிட்டாள். அந்த அம்மாள் பயந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

அந்த மடிப்புக்கு இடது மார்பில் கட்டி வந்தது. மார்பை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுக்கிற அதே ஆபரேஷனிலேயே, மேல்தோலை விட்டுவைத்து, உள்ளே சிலிக்கோன் இம்ப்ளாண்ட் வைத்து மார்பைத் திரும்ப உண்டாக்கலாம் என்றும் சொன்னார்கள். வேண்டுமா வேண்டாமா என்பது அவள் இஷ்டம்.

"வேணும்" என்றாள் மடிப்பு, யோசிக்கவேயில்லை.

"நாப்பத்தாறு வயசுல இது எதுக்கு?" என்றார் நாத்தனார். லாண்டரிக்காரருக்கு அக்கா. ஹாஸ்டல் ஒன்றில் இருநூறு பேருக்குச் சமைத்து ஓய்வுபெற்றவர். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஆபரேஷனுக்குத் துணையாக வந்து இறங்கியிருந்தார். "உசிரு பிழைச்சா போதாதா? உள்ள ஒண்ணை வச்சுத் தைக்கிறாங்களாம்ல. அதுல சீழ் வச்சா என்ன பண்ணுவ?"

"வைக்காம பாத்துக்கறேன் அண்ணி."

"வச்சா?"

"வச்சா எடுத்துடுவாங்க. அப்ப நீங்க சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கறேன். போதுமா?"

"இங்க இவ சாட்சி" என்று நாத்தனார் என்னைக் காட்டினார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த என்னை எதற்கு இதில் இழுக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று இரண்டு பேரும் போனபிறகு மடிப்பு திரும்பி வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, ஒரு பக்கம் இருந்து ஒரு பக்கம் இல்லாம கண்ணாடி முன்னாடி நிக்க என்னால முடியாது. என்னால முடியாதுக்கா. வேற காரணமெல்லாம் கேட்காதே." நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு காகிதம் கொடுத்தாள். இம்ப்ளாண்ட் வைத்த இடத்தில் கிருமி புகுந்தால் அது அதன்மேலேயே ஒட்டிக்கொள்ளுமாம், மருந்து எட்டாதாம், சில சமயம் இம்ப்ளாண்ட்டை வெளியே எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்ற முடியுமாம். ஆகவே கை கழுவாமல் தொடாதே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்காதே. தொட்டியில் இறங்கிக் குளிக்காதே. காய்ச்சல், சிவப்பு, நீர்க்கசிவு, வாடை எது வந்தாலும் உடனே கூப்பிடு.

லாண்டரிக்காரர் அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கடைச் சுவரில் எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று எழுதி ஒட்டியிருந்த அட்டைக்கு மேலேயே ஒட்டினார். "சுத்தம்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்றார். சொன்ன மாதிரியே செய்தார். படுக்கை விரிப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் கொதித்தது. கை துடைக்கிற துண்டுக்குக்கூட இரண்டு பக்கமும் இஸ்திரி. மாடிப்படி அடியில் சோப்பும் தண்ணீரும் வைத்து, முப்பது எண்ணும்வரை கை தேய்க்காத யாரையும் மேலே விடவில்லை.

"டெய்லரம்மா, கை."

"இப்பத்தானே கழுவினேன்?"

"உங்க கடையில கழுவினது உங்க கடைக்கு. இது எங்க வீட்டுக்கு."

மார்பிலிருந்து நீர் வடிய இரண்டு குழாய்கள் வெளியே வந்து, முனையில் குப்பிகள் தொங்கின. அவற்றை வைத்துக்கொள்ள அவள் சட்டைகளின் உள்பக்கம் பை தைத்துக் கொடுத்தது நான்தான். குப்பியில் எவ்வளவு நீர் வடிந்தது என்று காலையும் மாலையும் அளந்து காலண்டர் தாளில் எழுதினார்கள். பன்னிரண்டாம் நாள் குழாய்களை எடுத்தார்கள். அன்று நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். "அந்த இடத்துல உணர்ச்சி இருக்காதும்மா. சூடு பட்டாலும் தெரியாது. வெந்நீர்ப் பை, ஒத்தடம்னு எதையும் கிட்டயே கொண்டுபோகாதீங்க."

அன்று மாலையே லாண்டரிக்காரர் வீட்டிலிருந்த ரப்பர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டார். "இது எங்க வீட்டுல இருக்கக்கூடாது. நீங்க வச்சுக்குங்க." அதை என் கடையில் ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து அவள் குளிக்கிற தண்ணீரில் நாத்தனார் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் சொம்பு உள்ளே போகும். இதற்குமேல் ஒரு வீடு என்ன ஜாக்கிரதையாக இருக்க முடியும், சொல்லுங்கள்.

இருபத்து நான்காம் நாள். மூன்று நாளாக விடாத மழை. பஸ் ஒர்க்‌ஷாப்காரர்களின் சட்டைகள் எண்பது, மறுநாள் காலையில் போயாக வேண்டும். கடையில் இஸ்திரி போடுகிற பிரஸ்காரன் வந்தவுடன் ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான், லாண்டரிக்காரர் அவனைக் குடையோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். காகிதத்தில் சளி பிடித்தவர்களைச் சேர்க்காதே என்றும் இருந்தது. ஆகவே எண்பது சட்டைக்கும் அவர் ஒருத்தர்தான்.

மழையில் ஆபரேஷனுக்கப்புறம் மடிப்பைப் போடச் சொல்லியிருந்த இறுக்கமான பாடி இரண்டும் காயவில்லை. டிரையரில் போட்டால் எலாஸ்டிக் போய்விடும். ஈரத்தோடு போடக்கூடாது என்பதும் சட்டம். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று அவள் மெல்லிய காட்டன் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து பழக்கமில்லாத பிறவி. மத்தியானச் சாப்பாடு முடிந்து கீழே இறங்கிவந்தாள். நான் ஒரு பாவாடையை இஸ்திரிக்குக் கொடுக்கப் போயிருந்ததால் எல்லாம் என் கண்முன்னேதான் நடந்தது.

"இது மடிப்பா? கசக்கிச் சுருட்டி வச்சிருக்கீங்க" என்றாள்.

"நீ மேல போ."

"காலரைப் பாருங்க, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி. ஒர்க்‌ஷாப்காரன் மூஞ்சியில எறிவான்."

"எறிஞ்சா நான் வாங்கிக்கறேன். நீ தூக்கக்கூடாது."

"ரெண்டு கிலோவுக்கு மேலதானே கூடாது? மூணு சட்டை எடுத்துட்டுப் போய் அலமாரியில வைக்கறேன். நிறுத்துத்தான் பாருங்களேன்."

அவரும் நிறுத்தார். தராசு ஒரு கிலோ நானூறு காட்டியது. காகிதத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். கை கழுவிக்கொண்டு வந்து மடிக்க ஆரம்பித்தாள். இடது கையைத் தூக்க முடியாது, அதனால் மூன்று மூன்றாக வலது கையால் இடது மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே முகவாயை வைத்து, அலமாரிக்கும் மேஜைக்கும் நடந்தாள். இருபது வருஷமாக அப்படித்தான் நடந்தாள். பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய அந்தத் தடித்த சட்டைகளுக்கு முன்னால் இரும்புப் பட்டன்கள். எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. சுவரில் காகிதம் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு என் கடைக்கு வந்தாள். முன்பக்கம் திறக்கிற மாதிரி மெத்தென்று ஒரு ரவிக்கை கேட்டிருந்தாள், அளவு பார்க்க. திரையை இழுத்துவிட்டு அவள் சட்டையை விலக்கினேன்.

"என்னடி இது?"

தையல் கோட்டுக்கு மேலே, வட்ட வட்டமாக மூன்று சிவப்பு. ஒன்றுக்குக் கீழ் ஒன்று. நடுவில் இருந்தது கொப்பளித்து உடைந்து, சட்டையில் ஈரம் ஒட்டியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வந்துடுச்சா அக்கா? சீழா? எனக்கு வலிக்கவே இல்லையே!"

கழுத்தில் தொங்கிய டேப்பை என்னை அறியாமலே எடுத்து, தோலில் படாமல் பிடித்துப் பார்த்தேன். முதல் வட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் மூன்றரை இஞ்ச். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மூன்றரை இஞ்ச். முப்பது வருஷமாக நான் பட்டன் வைக்கிற கணக்கு அது.

"சீழ் டேப் வச்சு அளந்துக்கிட்டா வரும்? இது பட்டன்டி. நேத்து ஒர்க்‌ஷாப் சட்டை. சுட்டிருக்கு."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். "சுட்டதுதானா? அப்பாடா! அது ரெண்டு நாள்ல ஆறிடும். லாண்டரிக்காரிக்குச் சூடு படறது புதுசா என்ன? களிம்பு தடவிக்கறேன்." உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அண்ணிகிட்ட சொல்லிடாதே. அவர்கிட்டயும் சொல்லாதே. அவர் தராசுல நிறுத்து அனுப்பின மனுஷன், தன்னையே அடிச்சுக்குவார். அண்ணி என்னைப் பேசியே கொன்னுடுவாங்க. ரெண்டே நாள். உன்னால முடியாதுன்னு தெரியும், இருந்தாலும் கேக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உசுப்பிவிட்டது. என்னால் முடியாதா? "போடி, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது" என்றேன். பெரிய இவள் மாதிரி.

அவள் போனாள். நான் உட்கார்ந்தேன். ஒரு சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன். பிரித்துவிட்டுத் திரும்பவும் அதே பக்கம் வைத்துத் தைத்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து ஏதோ கேட்டாள், என்ன பதில் சொன்னேனோ, முறைத்துவிட்டுப் போனாள். நாக்கு நமநமவென்றது. இது என்னுடைய பழைய வியாதி, அடக்கு, ஒருநாளாவது ஒருத்தி உன்னை நம்பியிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் "மாத்திரை போட்டியா இல்லையா?" என்று கத்துவது கேட்டது. மடிப்பு "போட்டாச்சு அண்ணி" என்றாள். குரல் எப்போதும்போல இருந்தது.

மூன்று மணி இருக்கும். நூல் கண்டு எடுக்க எழுந்தேன். ஆணியில் அந்த வெந்நீர்ப் பை தொங்கியது. எத்தனை நாளாகத் தொங்குகிறது, அன்றைக்குத்தான் பார்த்தேன். இது எதற்காக அந்த வீட்டை விட்டு வெளியே வந்தது? சுட்டால் வலிக்குமே என்றா? வலிக்காத இடத்தில் வலிக்கு என்ன பயம்? தோல் உடைந்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும் என்றுதானே? கொப்பளம் உடைந்து ஈரம் ஒட்டியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, இங்கே உட்கார்ந்து சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருக்கிறேனே, பாவி! செருப்புக்கூடப் போடவில்லை. ஓடினேன்.

மாடிப்படி அடியில் நின்று சோப்பு போட்டுக் கை கழுவினேன். பழக்க தோஷம். பாதியில்தான் நினைவு வந்து, நுரைக் கையோடு கடைக்குள் புகுந்தேன்.

"அவளுக்கு நெஞ்சுல சுட்டிருக்கு. நேத்து அந்தச் சட்டை பட்டன். ஒண்ணு உடைஞ்சிருக்கு. அவ சொல்லக்கூடாதுன்னா. நான் சொல்லிட்டேன்."

லாண்டரிக்காரர் பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டை ஒன்றின் பட்டன்மேல் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்தச் சிவப்பைப் பார்த்தபடியே நின்றார். பிறகு சுவரிலிருந்த காகிதத்தின் அடியில் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். இரண்டு முறை தப்பாகப் போட்டார்.

படியில் நாத்தனார் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

"எத்தனை மணிக்கு நீ பாத்த?"

"பன்னெண்டுக்கு."

"இப்ப மணி மூணு. ஊர்ல எவ வீட்டுல பாத்திரம் உருண்டாலும் ஓடிவந்து சொல்ற வாய்க்கு இன்னிக்கு என்ன பூட்டா போட்டிருந்த?"

எனக்கு அழுகைதான் வந்தது.

நர்ஸ் உடனே வரச் சொன்னாள். வண்டியில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். மடிப்பு என் பக்கம் திரும்பவே இல்லை. "உன்கிட்ட சொன்னேன் பாரு, என் புத்தி" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். மழையில் வண்டி ஊர்ந்தது. நாத்தனார் தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்து எடுத்தார், உதறிவிட்டுத் திரும்ப வைத்தார். காய்ச்சல் இல்லை, இல்லாமலும் இல்லை.

டாக்டர் மூன்று வட்டத்தையும் சுற்றி அழுத்திப் பார்த்தார். "தோல் இங்க ரொம்ப மெல்லிசு. அதுக்கு அடியிலேயே இம்ப்ளாண்ட் இருக்கு. ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா அநேகமா அதை எடுக்க வேண்டி வந்திருக்கும். இப்பவும் காப்பாத்திடுவேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். பாக்கலாம்." சுத்தம்செய்து கட்டுப் போட்டார்கள். வேறு மாத்திரை எழுதினார்கள். சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் தோலிலேயே ஒரு கோடு வரைந்தார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா எந்த நேரமானாலும் வாங்க. தினமும் வந்து காட்டுங்க."

நர்ஸ்தான் கேட்டாள். "சட்டை பட்டன் பட்டு இவ்வளவு ஆழமா எப்படிம்மா சுடும்? லேசாப் பட்டா இப்படி ஆகாதே. அழுத்திப் பிடிச்சிருந்தீங்களா?"

மடிப்பு கட்டின்மேல் பார்வையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமா. பிரஸ்ஸிலேருந்து எடுத்த துணியை நெஞ்சோட வச்சா சூடு இதமா உள்ள இறங்கும். இருபது வருஷமா எனக்கு அது பழக்கம். எவ்வளவு அலுப்பா இருந்தாலும் அந்தச் சூடு பட்டாப் போயிடும். நேத்து வச்சேன், சூடு வரல. துணி ஆறிப்போச்சோன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அப்பவும் வரல. ஒவ்வொரு தடவையும் இறுக்கி இறுக்கிப் பாத்தேன். வரவே இல்ல."

லாண்டரிக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நாத்தனார் மட்டும் அவள் காலடியில் கிடந்த போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கட்டு மறைக்காத இடத்தில் பேனாக் கோடு வெளியே தெரியும். நாத்தனார் கை கழுவிக்கொண்டு, டார்ச் லைட்டோடு மணிக்கொரு தரம் அதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் காலண்டர் தாளில் எழுதுவார். லாண்டரிக்காரர் படியேறுவார், இறங்குவார். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டே தைத்தேன். மடிப்பு என்னோடு பேசவில்லை. ஆனாலும் தினமும் போனேன், தினமும் முப்பது எண்ணிக் கை கழுவினேன், படியிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு பக்கம்தான், ஒரு விரற்கடை. உடம்பும் சுட்டது. படுக்கையில் உட்கார்ந்திருந்த மடிப்பு போர்வை நுனியை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"ஒத்துக்கறேன் அண்ணி" என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு எதுக்கு இந்த ஆசை? டெய்லரக்காவும் கேட்டுக்கட்டும், அவதானே சாட்சி."

நாத்தனாருக்கு வந்ததே கோபம். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "யாருடி உன்னை இப்ப ஒத்துக்கச் சொன்னா? எடுத்தா ஒத்துக்க. எடுத்துட்டாங்களா? இல்லைல? வாயை மூடிட்டு வண்டியில ஏறு. தானா வர்ற சிவப்பு தானா போகும், இல்ல நான் போக வைப்பேன்!" சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. அதைத் துடைக்காமலே அவளுக்குச் சட்டை மாட்டிவிட்டார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே வந்தது. அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. சுட்ட பதினான்காம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தப்பிச்சுட்டீங்க. எடுக்க வேண்டாம்" என்றார். மூன்று தழும்பு மட்டும் இருக்குமாம்.

அன்று சாயங்காலம் மடிப்பு கீழே வந்து கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. பிரஸ்காரன் தும்மாமல் வேலைசெய்துகொண்டிருந்தான். மேஜையில் கிடந்த தலையணை உறைகளைப் பார்த்தாளே தவிர, தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. துணியைப் பார்த்து மடிக்காமல் உட்கார்ந்திருக்கிற மடிப்பை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

நாத்தனார் பிரஸ்ஸிலிருந்து இறங்கிய தலையணை உறை ஒன்றை எடுத்தார். பட்டன், ஜிப் ஏதாவது இருக்கிறதா என்று ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். உதறினார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு அதிகம் என்று பட்டதோ என்னவோ, காற்றில் இரண்டு தரம் வீசிவிட்டு மறுபடியும் கன்னத்தில் வைத்தார். பிறகு மடிப்பின் பின்னால் போய், கூந்தலை ஒதுக்கிவிட்டு, அதைப் பிடரிக்குக் கீழே முதுகில் பரப்பி உள்ளங்கையால் அழுத்தினார்.

"இங்க தெரியுதா?"

மடிப்பு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியுது அண்ணி."

"அப்ப இனிமே சூடு வேணும்னா என்கிட்ட வந்து முதுகைக் காட்டு" என்றார் நாத்தனார். "அதுக்குத்தான் நான் இங்கேயே இருக்கப்போறேன். டெய்லர், நீதான் சாட்சி."

மடிப்பு கண்ணைத் திறக்காமலே என் பக்கமாகக் கையை நீட்டினாள். "அக்கா, நீ போய் இதைத் தெரு பூரா சொல்லு" என்றாள்.

சொன்னேன்.